ஆஸ்பத்திரிச் சுவரில் ஆடிய பெண்கள்

கொயினா மருந்தின் கசப்பு... விடிந்து எழுந்தாலும் நாக்கிலேயே இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயது. மலேரியாக் குளிர்க்காய்ச்சல் வந்து, சுற்று எஸ்டேட்டுகளுக்கெல்லாம் பொதுவான ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தேன். காய்ச்சல் விட்டது. கால்தான் நிற்கவில்லை.

நடக்க முடியாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. ஊரில் எனக்கென்று யாரும் மிச்சமில்லை...

எதிர்ச்சுவரில் ஒரு படம். ஆணும் பெண்ணும் வரிசையாக ஆடுவார்கள். ஆண்கள் கையில் சுரைக்குடுக்கை, பெண்கள் தலையில் வண்ணப் பலகை. ஒருத்தியின் இடுப்புக் கச்சையில் சிவப்பு மட்டும் கோட்டைத் தாண்டியிருக்கும்.

மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் படத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சொன்னார்:

"அமெரிக்காவில பியூப்லோ எண்டு ஒரு பழைய சனம். மழை பெய்யவேணும், சோளம் விளையவேணும் எண்டு ஆடுறவை. மரப்பலகையில செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையா அச்சடிச்ச படம். முந்தி இருந்த டொக்டர் விட்டிட்டுப் போனவர்."

பக்கத்துக் கட்டிலில் முனியம்மா அக்கா, கையில் கட்டோடு.

"ஏ புள்ள, அந்தப் பொம்பளைங்க காலப் பாத்தியா? நம்மளாட்டம் வெறுங்காலு. பாதத்த மண்ண விட்டுத் தூக்கவே இல்ல. அதுவும் ஆட்டந்தான். எந்திரி."

"விழுந்துருவேங்க்கா."

"விழு. நான் இருக்கேன்ல?"

நல்ல கையை நீட்டினாள். வாயாலேயே தப்பு அடித்தாள். படத்தைப் பார்த்தபடி பாதத்தைத் தரையில் தேய்த்தேன். நாலு மூச்சு நின்றேன்... உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மற்ற பெண்களும் கட்டிலைத் தட்டித் தாளம் போட்டார்கள். சத்தம் கேட்டு டிரஸர் வந்து நின்றார். தட்டிய கைகளெல்லாம் பாதியில் நின்றன.

"நிப்பாட்டாதேங்கோ," என்றார்.

பத்து நாளில் வாசல்வரை தனியாக நடந்தேன். வேலைக்குப் போகலாம் என்று டிரஸர் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்க்க அக்கா இல்லை. அதற்கு முந்தின நாளே லோரி ஏறித் தன் எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். எந்த எஸ்டேட் என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை.

அந்தக் காலோடுதான் அப்புறம் முப்பது வருஷம் பால்மரம் வெட்டினேன், பிள்ளைகளை வளர்த்தேன். அவளை நினைக்காமல் ஒரு தைப்பூசமும் போனதில்லை.

போன மாதம் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். தனி அறை, சுத்தமான விரிப்பு, மணியடித்தால் நர்ஸ் வருகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் கட்டில்தான் இல்லை.

"ஏதும் வேணுமாம்மா?" என்றாள் நர்ஸ்.

"ஒண்ணும் வேணாம்லா... செத்த உக்காந்துட்டுப் போ."

உட்கார்ந்தாள்.