நாலு அடுக்குப் பித்தளைக் கேரியர்

சுங்கைப் பட்டாணியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். பழைய சாமான் என்றதும் ஓட்டை உடைசல் என்று நினைத்துவிட வேண்டாம். பீங்கான் ஜாடி, வெற்றிலைப் பெட்டி, எனாமல் தட்டு என்று நம் வீடுகளில் கட்டிலுக்கடியில் கிடந்தவற்றையெல்லாம் தேடி வந்து வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பித்தளை என்றால் துலக்கவே கூடாது. வருஷக்கணக்கில் ஏறிய கறுப்புக்குத்தான் மதிப்பு. பளபளவென்று இருந்தால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இதை என் வீட்டில்கூட யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை.

அக்கா கரங்கான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் பால்மரம் வெட்டியே ஓய்ந்துபோனவர், இறந்து பல வருஷம் ஆயிற்று. தோட்ட வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்றானதும், அலோர் ஸ்டாரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்தாள்.

"உனக்கு என்னடா வேணும், எடுத்துக்க" என்றாள் போனில்.

அக்கா வீட்டுக்காரர் வேலைக்குச் சோறு கொண்டுபோன நாலு அடுக்குப் பித்தளை டிபன் கேரியரைக் கேட்டேன். பினாங்குச் சீனர் ஒருவர் அப்படியொன்றுக்காக ஒரு வருஷமாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். அக்கா என்னவோ, தம்பி ஞாபகத்துக்காகக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். குரலிலேயே தெரிந்தது. அப்படியே நினைக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

"ஒன்னும் பண்ணாதேக்கா. தூசியக்கூடத் தட்டாதே. சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

"சரிடா."

சனிக்கிழமை போய் நின்றால், மேசைமேல் கேரியர் மின்னிக்கொண்டிருந்தது. கல்யாணச் சீர் போலக் குங்குமம் வேறு வைத்திருந்தாள்.

"அழுக்கோடவாடா குடுக்கறது? ரெண்டு நாளாப் புளி போட்டுத் தேய்ச்சேன்." மூட்டுவலிக்காரி. விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

தூக்கிப் பார்த்தேன். கனத்தது. சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலிச் சம்பல், மேலடுக்கில் கேசரி. எங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமனே கொடுக்கிற வழக்கம் கிடையாது. இரவல் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பும்போதுகூட ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் கத்தினேன்.

"தொடாதேன்னு சொன்னேன்லா? மொத்தமா ரோசாக் ஆக்கிட்டே, கெடுத்துட்டே. இனி எவன் இதை வாங்குவான்?"

விற்கத்தான் கேட்டேன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கேரியரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "கறுப்பு மறுபடியும் வந்துரும்லாடா?" என்று கேட்டாள். நான் அடுக்குகளை மூடிக் கொக்கியை மாட்டினேன். "சரி, சோத்தையாச்சும் சாப்பிடு. ஆறிடும்" என்றாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேரியரோடு காடியில் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

சாயங்காலம் சீனர் கடைக்கு வருவதாக இருந்தது. வழியில் செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் காடியை நிறுத்தி, நாலு அடுக்கையும் புல்லில் கவிழ்த்தேன். காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை. கோழி மணத்துக்கு வயிறு இழுத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. எங்கிருந்தோ இரண்டு நாய்கள் வந்தன. அடுக்குகளைத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சீனர் கேரியரைத் திருப்பிப் பார்த்தார். "கழுவிட்டீங்களா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு எனாமல் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்கா."

"கோழி காரமா இருந்துச்சா?"

"இல்ல. நல்லா இருந்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவள் சிரித்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. அவள் மகள் வீட்டுக்குப் போன பிறகு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அக்கா அங்கே போய்ச் சேரவில்லை. சாமான்களையெல்லாம் பெட்டியில் கட்டி வைத்துவிட்டு, தோட்டத்து வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டாள். நான் போய்வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

பதினாறாம் நாள் படையலுக்குக் கேரியரை அலோர் ஸ்டாருக்குக் கொண்டுபோனேன். வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. என் மனைவியிடம் சொல்லி அதே சோறு, அதே கோழி, அதே சம்பல், அதே கேசரி செய்ய வைத்திருந்தேன். அக்கா படத்துக்கு முன்னால் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி வைத்தேன். பித்தளை அதற்குள் லேசாக மங்கத் தொடங்கியிருந்தது.

அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா போன்ல பேசறப்பல்லாம் இதையேதான் சொல்வாங்க மாமா. பார்க்க வந்தவங்க யார்கிட்டயும் சொல்லாம விடலியாம். 'என் தம்பிக்குக் கோவம்தான் வரும். ஆனா நான் ஆக்கிக் குடுத்தா நாலு அடுக்கையும் ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டுருவான்'னு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.