கடைசி பஸ் நேரத்துச் சோதனை

லோடு டெஸ்டிங் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால், பொய்க் கூட்டம் ஒன்றை உண்டாக்கி, அதை ஒரு மென்பொருளின் மேல் ஏவிவிட்டு, அது எப்போது மூச்சுத் திணறுகிறது என்று பார்ப்பது என்பேன். சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. நான் செய்த முதல் பெரிய சோதனையில் என் கூட இருந்தவளின் வேலை போயிற்று.

உத்திரமேரூரில் உரக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. வாடகை மிச்சம் என்று சென்னைக் கம்பெனி ஒன்று அங்கே கிளை போட்டிருந்தது. புரோகிராம் எழுத அவள், அதைச் சோதிக்க நான். கிளை என்றால் அவ்வளவுதான். பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஊரிலிருந்து அவள் பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பா நெல் விவசாயி. வேலைக்கு அனுப்பும்போதே பேசி முடித்துவிட்டார். பஸ்ஸில் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற தூரமாக இருக்க வேண்டும். அந்த வேலை இருக்கும் வரை கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்.

"நைனா ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்டி" என்று பெருமை அடித்துக்கொள்வாள். வேலை போனால் மறுநாளே மாப்பிள்ளை பார்ப்பார் என்பதும் அந்த வார்த்தையில் அடக்கம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் வேலை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கானது. லேப் காஞ்சிபுரத்தில் இருந்தது. சுற்று வட்டாரத்தில் சின்னச் சின்ன கவுண்ட்டர்கள். காலையில் ரத்தம் கொடுத்தவர்கள் சாயங்காலம் வந்து கேட்பார்கள். கவுண்ட்டர் கம்ப்யூட்டர் காஞ்சிபுரத்தைக் கேட்டு ரிப்போர்ட்டை வாங்கித் தர வேண்டும். இந்தக் கேள்வி பதிலுக்கான வெப் சர்வீஸை அவள் 'சோப்' என்ற முறையில் எழுதியிருந்தாள். ராப்பகலாக அவள் எழுதியது அது. 'ரெஸ்ட்' என்ற இன்னொரு முறை அப்போதுதான் பேச்சில் அடிபட ஆரம்பித்திருந்தது. சென்னையில் ஒருவர் அதே சர்வீஸை அந்த முறையில் எழுதி வைத்திருந்தார்.

வித்தியாசம் பெரிய ரகசியம் இல்லை. சோப், ஒரே ஒரு இட்லியை நாலடுக்கு டிபன் கேரியரில் வைத்து அனுப்பும். வாங்குகிறவர் அடுக்கடுக்காகத் திறக்க வேண்டும். ரெஸ்ட் அதையே இலையில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடும்.

சென்னையிலிருந்து மேனேஜர் போனில் சொன்னார்: "ரெண்டையும் டெஸ்ட் பண்ணும்மா. பழசு தாங்கிச்சுன்னா அதுவே இருக்கட்டும், உங்க பிராஞ்சும் இருக்கட்டும். தாங்கலைன்னா எல்லாம் இங்க வந்துடும். நீயும் இங்க வந்துடலாம்." அவளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சென்னை அவளுக்கு ஆகாத தூரம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கம்பெனி கொடுத்த கணக்கு, நாள் முழுக்க வருகிற கேள்விகளைச் சீராகப் பிரித்து அனுப்பும் கணக்கு. அப்படியே ஓட்டினேன். அவளுடைய சர்வீஸ் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொன்னது. ஆனால் ஒரு கேள்வியைக்கூடத் தவறவிடவில்லை. நான் எழுந்து நின்று கை தட்டினேன். கீழே போய் இரண்டு டீ சொல்லிவிட்டும் வந்தேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நம்ப ஊரு மாதிரி இல்லடி."

"இன்னா இல்ல?"

"யாரு இப்டி ஒருத்தர் பின்னால ஒருத்தரா வராங்க? எங்க ஊருக்குக் கடைசி பஸ் எடுக்கறதுக்கு முன்னாடிதான் எல்லாம் ஓடி வரும். எல்லா ஊருலயும் அதே கததான். ரிப்போர்ட் வரலன்னா வுட்டுட்டு பஸ் ஏறிடும். அந்த மாதிரி ஓட்டிப் பாரு."

அடுக்கடுக்காகத் திறக்கிற வேலை ஒரே நேரத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்று எழுதிய அவளுக்குத் தெரியாதா? "வேலில போற ஓணான ஏன்டி எடுத்து மடில வுட்டுக்கிற? அவங்க கேட்டத ஓட்டியாச்சு. வாய மூடிக்கினு டீயக் குடி" என்றேன்.

"எங்கம்மா அந்தக் கூட்டத்துலதான்டி நிக்குது. சக்கர எவ்ளோ கீதுன்னு தெரியாமயே போன வாரம் வூட்டுக்கு வந்துச்சு. ஓட்டு."

நான் மாட்டேன் என்றேன். என் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவளே உட்கார்ந்து கணக்கை மாற்றினாள்.

எல்லாக் கேள்விகளும் ஒன்றாகப் போய் விழுந்தன. ரெஸ்ட் திணறித் திணறி எழுந்துகொண்டது. அவளுடையது முதலில் தாமதித்தது, பிறகு பதில் சொல்வதையே நிறுத்திவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு. மெமரி கூட்டிப் பார்த்தாள், அங்கே இங்கே திருத்திப் பார்த்தாள். திரும்பத் திரும்ப ஓட்டினோம். கடைசியில், "மேனேஜருக்கு அனுப்பிடு" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அனுப்பினேன். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

மேனேஜர் சோதனையை வாயாரப் புகழ்ந்தார். அந்த மாதமே அறையைக் காலி செய்தார்கள். நான் சென்னைக்குப் போனேன்.

அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரவேற்புக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் அவளுடைய அப்பா என்னைத் தனியாக ஒரு ஓரத்துக்குக் கூட்டிப் போனார். கேட்கலாமா வேண்டாமா என்று தோளில் கிடந்த துண்டைத் திருகிக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, எம் பொண்ணு வேல சரியா செய்யலியா?"

எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் செய்தது ஜெயித்ததை, அது போதாது என்று அவளே சொன்னதை, தோற்கும் என்று தெரிந்தே ஓட்டியதை. அம்மா ரிப்போர்ட் இல்லாமல் வந்ததையும் சொன்னேன். சென்னையில் இன்றைக்கும் அவள் போட்ட கணக்கை வைத்துத்தான் சோதிக்கிறோம் என்றேன்.

அவர் துண்டைத் திருகுவதை நிறுத்தினார்.

"'வேல முடிஞ்சிச்சி நைனா'ன்னா. அவ்ளோதாம்மா சொன்னா. நானும் சரின்னுட்டேன். ஏன்னு ஒரு வார்த்த கேக்கல." பிறகு, "அம்மாவுக்காவவா?" என்றார். மேடையை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"இப்ப இன்னாம்மா செய்யறது?" என்று என்னையே கேட்டார். உள்ளே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது.

போட்டோ எடுக்கிறவர் மேடையிலிருந்து, "பொண்ணோட அப்பா எங்க? வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மகள் பக்கத்தில் போய் நின்றார்.