வெள்ளை நூலும் என் வயிற்றெரிச்சலும்

என் கணவர் விஷக்காய்ச்சலில் இறந்த பிறகு, நானும் அவருடைய தங்கையும் திருவள்ளூர் வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம். பிறகு அவள், பள்ளிக்கூடத்தில் கற்ற பழக்கத்தில், குரோஷா ஊசியை எடுத்தாள். ரேடியோவுக்கு வெள்ளை நூலில் ஓர் உறை பின்னத் தொடங்கினாள். போகப் போக அவள் முகம் தெளிந்தது. படுத்தால் தூங்கவும் செய்தாள். எனக்கோ வயிறு எரிந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் நான், ஆறுதல் மட்டும் அவளுக்கா?

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "இன்னாடி, அதுக்குள்ள அண்ணனை மறந்துட்டியா?"

அவள் கை நின்றது.

"மறக்கல அண்ணி. நீங்க அழுதா தெருவே வந்து உக்காந்துகினு தேத்துது. என்னை யாரு இன்னான்னு கேட்டாங்க? உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருந்துச்சு. அதான் இதை எடுத்தேன்."

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் குடு" என்றேன்.

என் முதல் வரிசை கோணிக்கொண்டு போனது. அவளுடையது நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. மறுபடியும் பொறாமைதான். ஆனால் இந்தப் பொறாமையைத் தாங்க முடிந்தது. பிரித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து பின்னினேன்.