மேரி அக்காவின் குடமும் கெர்னல் பூட்டும்

ஹெல்சின்கி அலுவலகத்தில் கோப்பி மெஷினுக்கு அடியில் குவளையை வைத்துவிட்டுச் சீனி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் என் குவளை ஓரமாக நகர்ந்திருந்தது. அதன் இடத்தில் வேறொன்று நிறைந்துகொண்டிருந்தது. "என் குவளையை யார் தொட்டது?" என்று கேட்டேன். என்னோடு வேலை செய்யும் ஐனோ முகம் சிவந்து, "அன்டெக்ஸி, அன்டெக்ஸி" என்று மன்னிப்புக் கேட்டபடி அதை எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் தந்தாள். கை பட்ட அழுக்குக்காகக் கோபிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இலங்கையில் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும் குழாயடியில், குடம் இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம்; அடுத்தவர் குடத்தை நகர்த்தினால் அன்றைக்கு லயத்து வரிசை வீடுகளே இரண்டுபடும். இதையெல்லாம் சொல்ல என் பின்னிஷ் போதாது. கழுவிய குவளையில் கோப்பி பிடித்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

அங்கே நான் பார்ப்பது கெர்னல் வேலை. கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து எல்லாருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி. எங்கள் கம்பனி கப்பல் கருவிகளுக்காக ஒரு சின்ன இயங்குதளம் செய்கிறது. அதற்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் படிக்க ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தாலும் பாதகமில்லை. எழுத வருகிறவர் மட்டும் தனியாக இருக்க வேண்டும். பாதி எழுதியதை இன்னொருவர் படித்தால் கப்பல் எங்கே போகுமோ. இந்த ஒழுங்கைக் காக்கும் பூட்டைச் செய்வதுதான் தகுதிகாண் காலத்தில் எனக்குக் கிடைத்த வேலை. பூட்டு சரிவந்தால் வேலை நிரந்தரம், விசாவும் நீளும். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதலில் தாராள மனசோடு எழுதினேன். படிக்க வருகிறவர்கள் எல்லாரும் வரலாம், எழுதுகிறவர் எல்லாரும் போன பிறகு வரட்டும். ஐனோ பரிசோதித்துவிட்டுச் சிரித்தாள். "உன் எழுத்தாளருக்கு ஆயுசுக்கும் முறை வராது. ஒருவர் போவதற்குள் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார்." உடனே எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். தோட்டத்தில் பீலியடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது அவர் பொறுப்பு. "ஒரு கொடந்தாண்ணே" என்று ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தால் தொட்டியை எப்போது கழுவுவது? அதனால் அவர் பீலிக்குப் போகும் பாதையில் தன் சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவார். உள்ளே இருப்பவர்கள் பிடித்து முடிக்கலாம். புதிதாக யாரும் வரக்கூடாது. அந்தத் துண்டை அப்படியே பூட்டுக்குள் கட்டினேன். அப்பாவை அமெரிக்காவுக்கே அனுப்பியது போல் பெருமையாக இருந்தது.

பெருமை இரண்டு நாள் கூட நிற்கவில்லை. சோதனை மெஷின் திடீர் திடீரென்று உறைந்துபோனது. பிழைச் செய்தி இல்லை, சத்தம் இல்லை, சிலை மாதிரி நின்றது. தகுதிகாண் காலம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று வரி வரியாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். படிக்க உள்ளே வந்த ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலின் ஒரு பகுதி, வேலை முடியும் முன்பே அதே பட்டியலைப் படிக்க மறுபடி அனுமதி கேட்டது. இடையில் ஓர் எழுத்தாளர் வந்து துண்டைக் கட்டிவிட்டார். இது வெளியேறட்டும் என்று அவர் நிற்க, துண்டு அவிழட்டும் என்று இது நின்றது. தாளைப் பார்த்துக்கொண்டே, "அட, மேரி அக்கா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

மேரி அக்கா எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரர். ஒருநாள் பீலியில் ஒரு குடத்தை வைத்துவிட்டு இரண்டாவது குடம் எடுக்க வீட்டுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து அப்பா துண்டைக் கட்டினார். மற்றவர்கள் போய்விட்டார்கள், ஒரு குடம் மட்டும் நிரம்பி வழிந்தது. குடத்துக்காரர் வரட்டும் என்று அப்பா தொட்டி ஓரத்தில் குந்தினார். துண்டு அவிழட்டும் என்று மேரி அக்கா பாதையில் நின்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் அப்பா சத்தம் போட்டார்.

"இது யாரு கொடங்க? வந்து எடுங்க, தொட்டி கழுவணும்!"

"அனே, அது எங்கொடந்தாண்ணே! துண்டு கட்டியிருக்கே, எப்பிடி வர்றது?"

அப்பா துண்டை அவிழ்த்தார். மேரி அக்காவோடு இன்னும் ஆறு பேர் குடத்தோடு நுழைந்தார்கள். அன்றைக்குத் தொட்டி கழுவப்படவில்லை.

உள்ளே இருக்கிறவர் மறுபடி அனுமதி கேட்காதபடி அந்த ஃபங்ஷனைத் திருத்தினேன். மெஷின் அதன்பிறகு உறையவில்லை. குறிப்பில் 'மேரியின் குடம்' என்று எழுதிவைத்தேன். ஐனோ, "மேரி எந்தப் பிரிவு? நன்றி சொல்ல வேண்டும், மின்னஞ்சல் முகவரி தா" என்றாள். மேரி அக்காவிடம் இருப்பது பட்டன் போன் என்றேன். அவள் தலையாட்டினாள், ஏதோ பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்திருப்பாள். பிறகு கோப்பி வேளையில் தெரிந்த பின்னிஷிலும் கைச்சாடையிலும் முழுக்கதையும் சொன்னேன்.

வேலை நிரந்தரமான சேதியைச் சொல்ல அப்பாவை அழைத்தேன். அவர் சந்தோஷப்பட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உள்ளறைச் செவர ஒடைச்சுக் கட்டலாம்னு சிமெந்து வாங்கிப் போட்டு மூணு மாசமாச்சு தம்பி. ஒன் பெட்டி அங்கதான் இருக்கு. நீ வந்து எடுத்தியன்னா வேலைய ஆரம்பிச்சிருவேன்."

"நீங்களே எடுத்து வெளிய வைங்கப்பா."

"அது எப்பிடிப்பா? எடுத்துட்டா ஒனக்குன்னு இங்க என்னா இருக்கு?"

புதிய குடியிருப்பு அட்டை கைக்கு வரும்வரை நான் இந்த நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி நுழைவது சிக்கல். அட்டை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "சீக்கிரம் வர்றேன்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலை மெஷினுக்கு அடியில் குவளையை வைத்துவிட்டுச் சீனிக்குப் போனேன். வழியில் யாரோ பேச்சுக் கொடுத்ததில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் என் குவளை நிரம்பி, வைத்த இடத்திலேயே இருந்தது. ஐனோ வெறும் குவளையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"மேரி" என்றாள், என் குவளையைக் காட்டி.

கொடகவெலவில் அப்பாவும் இப்படித்தான் என் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். நான் கையெட்டும் தூரத்தில் இருந்த குவளையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.