பூஜ்யமாவது இடம்

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அக்காவுக்குப் பன்னிரண்டு வருடம். ஜன்னலோர மேஜை, எழுத்துகள் தேய்ந்துபோன கீபோர்டு. புரோகிராம் எழுத அவளாகவே கற்றுக்கொண்டாள். முதலில் எழுதியது கம்பெனிக்காக அல்ல, தங்கைக்காக.

தங்கை தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்ட நாளில் அக்கா போகவில்லை. பிறகு இருவரின் போன் நம்பரும் மாறியது, வீடும் மாறியது. மாறாதது இந்த மேஜைதான்.

"உன்னைப் பிடிக்கணும்னா உங்க கம்பெனிக்குப் புகார்தான் எழுதணும் போல, குண்டூசி" என்று தங்கை முன்பு கேலி செய்வாள். ஒல்லியான அக்காவுக்கு அவள் மட்டும் வைத்திருந்த பெயர் அது.

அதனால் தினமும் கிளம்பும்முன், அன்று வந்த புகார்களில் 'குண்டூசி' இருக்கிறதா என்று புரோகிராமைத் தேடவிடுவாள். மூன்று வருடத்தில் அகப்பட்டதெல்லாம் நிஜக் குண்டூசிகள். "டிரம்முக்குள்ள குண்டூசி மாட்டிக்கிச்சு." "கடகடன்னு சத்தம், குண்டூசியான்னு பாருங்க." ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படிப்பாள்.

ஒரு நாள் மேனேஜர், தண்ணீர் ஒழுகும் புகார்கள் எத்தனை என்று கேட்டார். அதே புரோகிராமில் தேடும் சொல்லை மட்டும் 'தண்ணி' என்று மாற்றி ஓட்டினாள்.

"இருபத்தாறா? நான் கண்ணாலயே நாப்பது பாத்தேனேம்மா. உங்க புரோகிராமுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க."

விடுபட்டவற்றை எடுத்து வைத்துப் பார்த்தாள். எல்லாமே 'தண்ணி' என்றே தொடங்கின. தேடும் சொல் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும்; இல்லாவிட்டால் மைனஸ் ஒன்று என்னும். ஆனால் அது எண்ணத் தொடங்குவது பூஜ்யத்திலிருந்து; முதல் இடமே அதற்குப் பூஜ்யம். அவளோ, 'பூஜ்யத்தைவிடப் பெரியதா' என்றே கேட்டிருந்தாள். முதல் சொல்லாக வந்த எதுவும் அவள் கண்ணில் பட்டிருக்காது.

தங்கை எழுதினால், 'குண்டூசி' என்று கூப்பிடாமலா தொடங்குவாள்?

திருத்திவிட்டு மூன்று வருடத்தையும் தேடவிட்டாள். புதிதாக ஒன்றே ஒன்று வந்தது. இரண்டு வருடம் பழையது.

"குண்டூசி, மெஷின் நல்லாத்தான் ஓடுது. சும்மாதான் எழுதுறேன். இன்னும் அங்கதான் இருக்கியா? கோவம் போச்சா?"

அடியில் யாரோ குறித்திருந்தார்கள்: பழுது இல்லை, முடிக்கப்பட்டது.

அதிலிருந்த நம்பரை அழைத்தாள். உபயோகத்தில் இல்லை என்றது குரல். முகவரி இருந்தது.

"என்னம்மா, கணக்கு வந்துச்சா?" என்றார் மேனேஜர்.

"வந்துருச்சு சார், நாப்பத்தொண்ணு. நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

முடிக்கப்பட்ட புகாரை மறுபடி திறந்தாள். நேரில் செல்பவர் பெயர் என்ற கட்டத்தில் 'குண்டூசி' என்று அடித்தாள்.