இரண்டு பேர் ஒன்றாகக் கதைக்க ஒரு தொலைபேசி

தில்லையம்பலம் அண்ணையின் சாவு எனக்குக் கனடா வழியாகத்தான் தெரியவந்தது. சாவகச்சேரியில் அவர் வீடு எனக்கு அடுத்த ஒழுங்கை. பலமாகக் கூப்பிட்டால் கேட்கும். ஆனால் அன்று விளக்கு வைக்கும் மைம்மல் பொழுதில் என் கைபேசிக்கு அழைத்தவள் ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய தங்கையின் மகள் சுதா. "அன்ரி, மாமா போன் எடுக்கிறாரில்லை. அம்மா இஞ்சை ரிசீவரைப் பிடிச்சபடி இருக்கிறா. ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றாள்.

படலையைத் திறக்கும்போதே உள்ளே தொலைபேசி அடிப்பது கேட்டது. அண்ணை அதற்குப் பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியபடி இருந்தார். முகத்தில் நோவின் அடையாளம் ஒன்றும் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருக்க, நான் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ரிசீவரை எடுத்தேன்.

நீதிமன்றத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? அவர் மொழிபெயர்ப்பாளர், நான் சுருக்கெழுத்தாளர். வேலி வழக்குக்கு வந்த அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து கத்திய அந்த நாளை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணை கையை உயர்த்தி, "ஒராள் ஒராளாக் கதையுங்கோ. ரண்டு பேர் சேர்ந்து கதைச்சால் அது சாட்சியம் இல்லை, சந்தை" என்றார். நீதவானே சிரித்துவிட்டார். ஒரு பென்சிலோடு இரண்டு குரலுக்குப் பின்னால் ஓடி இளைத்த எனக்கு அன்று அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஓய்வுபெற்ற பிறகு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்கக்கூடிய தொலைபேசி தேடி யாழ்ப்பாணப் பட்டினமெல்லாம் அலைந்தார் என்றால் நம்புவீர்களா? நான் கூடவே அலைந்தேன், அதனால் சொல்கிறேன்.

அவருடைய ஒரே தங்கை மனோ அக்காவுக்குக் கனடாவில் பாரிசவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது, பேச்சுத் தேறவில்லை. ஆட்களைத் தெரியும், சொல்வதெல்லாம் விளங்கும், ஆனால் ஒரு சொல் வாய்க்கு வராது. பக்கத்தில் யாராவது சேர்ந்து சொன்னால் சொல் வரக்கூடும் என்று அங்கே பேச்சுப் பயிற்சி தருபவர் சொல்லியிருக்கிறார். சுதா கிழமை நாள்களைச் சொல்லிப் பார்த்தாள், இலக்கங்களைச் சொல்லிப் பார்த்தாள். அக்கா பேசாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு நாள் அண்ணை கைபேசியில் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தபோது கண்டி வீதியில் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. சும்மா பகிடிக்கு அவர் கொண்டக்டரின் குரலில், "அரியாலை, நாவற்குழி, கைதடி" என்றார். சின்ன வயதில் மீசாலை வீட்டில் அண்ணனும் தங்கையும் நீள வாங்கில் முன்னும் பின்னுமாக இருந்து பஸ் ஓடி விளையாடுவார்களாம். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸை எடுத்தால் ஒவ்வொரு தரிப்பாக இரண்டு பேரும் சேர்ந்து கத்தி, மீசாலையில் இறங்கினால்தான் விளையாட்டு முடியும். இப்போது திரையில் அக்காவின் உதடு அசைந்தது. சுதா அழுதுவிட்டாள். ஆனால் அக்காவின் வாயிலிருந்து என்ன வந்தது என்று அண்ணைக்குக் கேட்கவில்லை. இருவரும் ஒன்றாகக் கதைத்தால் அந்தக் கைபேசி ஒரு குரலை விழுங்கிவிடும்.

அங்கிருந்துதான் தேடல் தொடங்கியது. இணையத்தின் வழியே வீட்டுத் தொலைபேசி தரும் கம்பனிகளுக்கு ஒவ்வொன்றாகப் போனோம். ஓரிடத்தில் இருந்த பெண்பிள்ளை, "ஐயா, எங்கடை பக்கேஜிலை கனடாவுக்கு எவ்வளவு நேரமும் கதைக்கலாம்" என்றாள்.

"அது சரி பிள்ளை. ரண்டு பேர் ஒரே நேரத்திலை கதைக்கலாமோ?"

"கொன்பிரன்ஸ் கோலோ ஐயா?"

"இல்லை. நானும் தங்கச்சியும். ஒரே நேரத்திலை, ஒரே சொல்லு."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். "உதைச் செய்யக்கூடாதெண்டு காலம் முழுக்கச் சனத்தை ஏசினவர்தான் இவர்" என்றேன். அண்ணைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் எடுத்த இணைப்பு கைபேசியைப் போலவே ஒரு குரலை வெட்டியது. அடுத்தது காற்றில் வரும் இணைப்பு. மழை இருட்டினால் குரல் துண்டு துண்டாகும். மலிவானது எது என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் பரீட்சித்துப் பார்க்க அகப்பட்டவள் நான். அவர் தன் வீட்டில், நான் என் வீட்டில், இருவரும் ஒன்றாக "அரியாலை, அரியாலை" என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் என் சோறு அடிப்பிடித்து மணத்தது. "அண்ணை, உங்கடை பஸ்ஸாலை இண்டைக்கு எங்கடை வீட்டிலை பட்டினி" என்று கத்தினேன். "அப்ப நான் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை! நான் கதைக்கேக்கை நீயும் கதைச்சால்தானே தெரியும்" என்றார். இந்த மனிதரோடு என்ன செய்வது?

கடைசியில் அந்தப் பெண்பிள்ளையின் கம்பனிதான் சரிவந்தது. கம்பி வழியாக வரும் இணைப்பு. சின்னப் பெட்டி ஒன்றில் அவருடைய பழைய மேசைத் தொலைபேசியையே கொழுவலாம். "வைச்சுப் பாருங்கோ ஐயா, சரிவராட்டித் திருப்பித் தாங்கோ" என்று கொடுத்தாள். அக்காவின் கைக்கும் பழக்கமான மாதிரி ஒரு தொலைபேசியைச் சுதா அங்கே வாங்கி வைத்தாள். இரண்டு குரலும் வெட்டுப்படாமல் வந்தன. ஒரு குறை மட்டும் இருந்தது. அண்ணை சொல்வது அக்காவுக்குப் போய்ச் சேர்ந்து, அக்கா சேர்ந்து சொல்வது திரும்பி வர அரை மூச்சு நேரம் பிந்தும். அங்கே இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்கும். இங்கே அக்காவின் குரல் எப்போதும் பின்னால் வரும். வேறு கம்பனி பார்ப்போமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவளுக்கு ஒண்டாக் கேட்டால் காணும். எனக்குப் பிந்திக் கேட்டால் என்ன?" என்றார். காதில் ஒரு குரல் விழ, வாயால் வேறொன்று சொல்லிக்கொண்டு போவது அவர் செய்த தொழில்தானே.

அதன் பிறகு மைம்மல் நேரங்களில் நான் தேத்தண்ணியோடு அவர் வீட்டுப் படியில் போய் இருப்பேன். இங்கே விளக்கு வைக்கும் நேரம், அங்கே விடிந்த நேரம். சுதா வேலைக்குப் போகுமுன் அழைப்பாள். அண்ணை கண்ணை மூடிக்கொள்வார். "அரியாலை" என்பார்; கொஞ்சம் பிந்தி, தூரத்திலிருந்து "அரியாலை" வரும். நாவற்குழிப் பாலத்துக் காற்று என் முகத்தில் படுவது போலிருக்கும். பனி கொட்டும் ஊரின் யன்னலோரம் கைதடி போகும், நுணாவில் போகும். மாலையா காலையா, நான் விழித்திருக்கிறேனா என்றுகூடச் சில நாள் எனக்குத் தெளிவில்லை. மீசாலை வந்ததும் அண்ணை மெதுவாக "இறக்கம்" என்பார். அக்கா சிரிப்பார். அதோடு வைத்துவிடுவார்கள்.

"ஏன் மீசாலையோடை நிப்பாட்டுறியள்? றோட்டு அங்காலையும் போகுதே?" என்று ஒருநாள் கேட்டேன். "எங்கடை வீடு அங்கை. அங்காலை எனக்கென்ன வேலை?" என்றார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டைப் பூட்டியபோது, சுதா கேட்டதற்காக அந்த இணைப்பை என் வீட்டுக்கு மாற்றினோம். அண்ணை இல்லை என்று அக்காவுக்குச் சொல்லியாயிற்று. எவ்வளவு விளங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. விடிந்தால் ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு இருக்கிறாராம். முதல் நாள் மணியை நாலைந்து தரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். என் குரலைக் கேட்டு அக்கா வாயை மூடிக்கொண்டால், அண்ணை இவ்வளவு பாடுபட்டு மீட்ட பேச்சும் அவரோடு போய்விடுமே என்ற பயம்.

"அரியாலை" என்றேன். ஒன்றும் வரவில்லை. "நாவற்குழி" என்றேன். அரை மூச்சுப் பிந்தி வந்தது. கைதடி, நுணாவில், சாவகச்சேரி. "மீசாலை" என்று சொல்லி, அண்ணை நிறுத்தும் இடத்தில் நானும் நிறுத்தினேன். "இறக்கம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவின் "மீசாலை" வந்து சேர்ந்தது. சிரிப்பு வரவில்லை. சரி, வைப்போம் என்று நினைத்தபோது, சேர்ந்து சொல்ல ஒரு குரலும் இல்லாமல், அக்கா தனியாகச் சொன்னார்:

"கொடிகாமம்."

அண்ணை இறங்கிவிட்டார் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. நான் அழுதேன். அழுதுகொண்டே "கொடிகாமம்" என்றேன். "மிருசுவில்" என்றார் அக்கா.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது மேசையில் இருக்கும் இந்தப் பழைய தொலைபேசியும் மைம்மலில் அடிக்கும் அதன் மணியும். மீசாலை வரை நான் முன்னுக்குப் போகிறேன். அங்காலை அக்கா முன்னுக்குப் போகிறார். நான் அரை மூச்சுப் பிந்திச் சொல்லிக்கொண்டு பின்னால் போகிறேன்.