கணவாய் இறக்கம்

என் வீட்டுக்காரர் பாக்கியநாதன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எழுதச் சொன்னால் மட்டும் கஞ்சத்தனம். இருபது வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டிக் கம்பெனியில் இருந்துவிட்டு, கடலே இல்லாத சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் கடல்மீன் கடை போட்டவர். வஞ்சிரம், சங்கரா என்று விற்றால் பிழைத்துப் போகலாம். இவருக்குக் கணவாய்தான் வேண்டும். அதுவும் கைக்குழந்தை கனத்துக்கு இருக்கும் ஆழ்கடல் கணவாய்.

"நாள்கணக்குல படகுல போயி, ராத்திரி லைட்டைப் போட்டு, தூண்டில்ல ஒன்னொன்னாப் பிடிக்கிறாங்க, மேரி. அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்பார்.

மரியாதை இந்த ஊர் குக்கரில் அல்லவா போகிறது! ஆட்டுக்கறி மாதிரி ஆறு விசில் விட்டு, ரப்பரை விற்று ஏமாற்றிவிட்டதாக மறுநாள் சண்டைக்கு வருவார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைக்காதீர்கள் என்று இவர் தொண்டை கிழியக் கத்துவார். யார் கேட்டார்கள்?

எனக்கு அலுத்துப்போனது. எங்கள் சர்ச் பங்குத் திருவிழா விருந்துக்குக் கணவாய் வறுவல் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். "இலையில மிச்சம் கிடந்துச்சுன்னா அடுத்த நாளே கடையில டேம் மீனுதான்" என்றேன். சரி என்றார்.

திருவிழாவன்று காலை ஆறு மணிக்குக் கொச்சியிலிருந்து வேன் வந்திருக்க வேண்டும். புது டிரைவர், திருச்செங்கோட்டு மாதையன். ஏழாகியும் காணோம். இவர் போன் போட்டார்.

"கணவாய் எறக்கத்துக்கு வந்துட்டனுங்க."

"அப்ப எறக்குங்க!"

"எங்கீங்க எறக்கறது? ஒரே லாரியாப் போவுதுங்க."

"ஆளுங்க இருப்பாங்க பாருங்க."

"கொரங்குதானுங்க இருக்குது."

தொப்பூர்! இவர் அனுப்பிய செய்தி 'கணவாய் இறக்கம், சேலம்.' பெட்டிக்குள் இருப்பதன் பெயர் மாதையனுக்குத் தெரியாது. அதுவரை லாரி ஓட்டியவருக்குக் கணவாய் என்றால் தொப்பூர் மலைப்பாதைதான். சேலத்தையே தாண்டிப் போய் அந்த இறக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். 'மீன்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் இவர் விரல் தேய்ந்தா போயிருக்கும்?

திரும்பும் வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, வேன் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றேகால். பன்னிரண்டரைக்குப் பந்தி. சமையல்கார ஆராயி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு மணி நேரமாச்சும் வேகோணுமுங்களே!"

"மூணு நிமிஷம்!" என்று இவர் அலறினார். வேறு வழியில்லாததால் முதல் தடவையாக ஒருத்தி அவர் பேச்சைக் கேட்டாள். மாதையன் உட்பட எல்லோரும் உட்கார்ந்து அரிந்தோம்.

பந்தி முடிந்ததும் நான் இலை இலையாகப் பார்த்துக்கொண்டே போனேன். மிச்சம் இருக்க வேண்டும் என்றுதான் தேடினேன், பொய் சொல்வானேன். கறிவேப்பிலைதான் கிடந்தது. தோற்றது நான்தான், ஆனாலும் எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கடை திறந்ததும் ராசாத்தி வந்து நின்றாள். விருந்தில் சாப்பிட்டவள்தான்.

"அந்தக் கணவாய் அரைக் கிலோ குடுங்க. எத்தனை விசில் விடோணுமுங்க?"

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன்: "விசிலே வேண்டாம்! மூணே நிமிஷம்!"